உங்களுக்குத் தெரியுமா? ஆட்டுக்கு விருந்து அண்ணாந்து பார்க்கும் உயரத்தில்!

பூம்புகார்த் துறைமுகத்தில் ஆட்டுக்கிடா துள்ளி விளையாடியது உங்களுக்குத் தெரியுமா? பட்டினப்பாலையில் இருக்கிறது! மலைபோல் குவிந்த ஏற்றுமதி மூட்டைகள். அந்தக் குவியலின் மேல் ஏறி நாய்களோடு சேர்ந்து கிடாக்கள் குதிக்கின்றன. புலவருக்கு அது மலையுச்சியில் துள்ளும் வருடையைப் போலத் தெரிகிறது. வருடை என்றால் வரையாடு. இன்றைக்குத் தமிழ்நாட்டின் மாநில விலங்கே அதுதான்!

அந்தப் பாட்டு மொத்தம் 301 அடி. அதற்குக் கரிகாலன் கொடுத்த பரிசு எவ்வளவு என்று கலிங்கத்துப்பரணி சொல்கிறது. 16 லட்சம் பொன்!

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் இருந்த வெள்ளாடுகள் எத்தனை? 14 கோடியே 88 லட்சம்! தமிழ்நாட்டில் மட்டும் 98 லட்சத்துக்கு மேல். கறிக்காக வளர்பவைதான் இவற்றில் பெரும்பகுதி. இத்தனை வாய்க்கும் தீவனம் எங்கே? புல்லைத் தேடிக் குனியாதீர்கள். நிமிர்ந்து பாருங்கள், மரத்தில் இருக்கிறது!

மாடு குனிந்து தின்னும். செம்மறி தரையோடு தரையாகக் கரம்பித் தின்னும். வெள்ளாடு மட்டும் தலையைத் தூக்கித் தின்னும்! முன்னங்கால் இரண்டையும் மரத்தில் ஊன்றி, பின்னங்காலில் நின்று, ஆள் உயரத்துக் கிளையை இழுத்துவிடும். நாலு கால் பிராணி, சாப்பாட்டுக்காக இரண்டு காலில் நிற்கிறது!

தழையைத் தரையில் கொட்டிப் பாருங்கள். ஆடு மோந்துவிட்டு மிதித்துப் போகும். அதே தழையைக் கட்டாகக் கட்டிக் கயிற்றில் தொங்கவிடுங்கள். காம்பு மட்டும்தான் மிஞ்சும்! தழை ஒன்றுதான், ஆடும் ஒன்றுதான். தொங்கவிட்டதால் மட்டும் இத்தனை வித்தியாசம்!

வெள்ளாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் ஒன்றுகூடக் கிடையாது! கீழே எட்டு. மேலே வெறும் கெட்டியான ஈறு. இதை வைத்துக்கொண்டுதான் கருவேல முள்ளுக்கு நடுவே இருக்கும் பொடி இலையைக் கிள்ளி எடுக்கிறது. மேலுதடு விரல் மாதிரி வளையும். முள் குத்துவதில்லை!

அந்தக் கீழ்ப்பல் எட்டும் ஆட்டின் பிறப்புச் சான்றிதழ்! பால்பல் விழுந்து இரண்டு இரண்டாகப் புதுப்பல் முளைக்கும். சந்தையில் வியாபாரி வாயைத் திறந்து பார்த்து "ரெண்டு பல்லு", "நாலு பல்லு" என்று வயதைச் சொல்வது அப்படித்தான்.

ஆட்டின் கண்மணி வட்டம் இல்லை. படுக்கைவசத்தில் நீள்சதுரம்! தலையைக் குனிந்தாலும் கண் உள்ளே சுழன்று கண்மணி தரைக்கு இணையாகவே நிற்கும். 2015-ல் இதை அளந்து பார்த்தார்கள். கண் சுழலும் கோணம் 50 பாகைக்கு மேல்! மனிதக் கண்ணால் இந்த வித்தையில் கால்வாசிகூட முடியாது.

இன்னும் உள்ளே போவோமா? வெள்ளாட்டின் வயிற்றுக்கு நாலு அறை. முதல் அறையில் இருக்கும் சாற்றில் ஒரே ஒரு மில்லி லிட்டர் எடுத்தால் அதில் சுமார் 1,000 கோடி பாக்டீரியா! இந்தியாவின் மக்கள்தொகையைப் போல ஏழு மடங்கு, ஒரு சின்னக் கரண்டிக்குள்! இலையை உடைத்துச் சதையாக்கும் வேலையைத் தொடங்குவது இவைதான்.

ஆகவே, தீவனத்தைத் திடீரென்று மாற்றாதீர்கள். புதுத் தழைக்கு இந்தக் கூட்டம் பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்!

வைக்கோலும் தழையும்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம். நெல் விளையும் சீமை. வைக்கோலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் 100 கிலோ வைக்கோலில் எத்தனை கிலோ புரதம் தெரியுமா? 3, மிஞ்சினால் 4! அதே 100 கிலோ காய்ந்த அகத்தித் தழையில்? சுமார் 25 கிலோ!

அகத்தி மட்டுமா? சூபாபுல், கிளைரிசிடியா, முருங்கை எல்லாமே காய்ந்த எடையில் 20 சதவீதத்தைத் தாண்டுபவை. பலா இலை 13 சதவீதத்தைத் தொடும். கடையில் மூட்டை வாங்கும் காசு, கொல்லைக் கிளையில் காய்த்துத் தொங்குகிறது!

சம்பா நடவு முடிந்துவிட்டால் டெல்டாவில் ஆட்டுக்கு ஊரடங்கு! வரப்பின் இரண்டு பக்கமும் பயிர். வாய்க்கால் நிறையத் தண்ணீர். அவிழ்த்துவிட்டால் பக்கத்து வயல்காரரோடு சண்டை. ஆவணியிலிருந்து தை வரை ஆடு கட்டுத்தறியில்தான். அந்த மாதங்கள் முழுக்க அதைக் காப்பாற்றுவது தொரட்டிக்கம்பு! அதிகாலையில் தொரட்டியோடு கிளம்பி ஒரு கட்டுத் தழை ஒடித்துக்கொண்டு வரும் பெண்களைத் தருமகுளத்திலிருந்து பூம்புகார் போகும் வழியெல்லாம் பார்க்கலாம். டெல்டாவில் கறிக்கடைக்குப் போகும் கிடாவின் எடையில் பாதி, இவர்களுடைய தோள்வலி என்று நான் அடித்துச் சொல்வேன்!

பயிரை மேய்ந்த ஆட்டைப் பவுண்டில் அடைக்கிறார்களே, அந்தச் சட்டம் எந்த ஆண்டு? 1871! கால்நடை அத்துமீறல் சட்டம். அதில் 'கால்நடை' என்ற சொல்லுக்குள் ஆடு, ஆட்டுக்குட்டி, ஒட்டகம் எல்லாம் அடக்கம். யானையும் அடக்கம்!

அறுவடை முடிந்தால் கதையே வேறு. ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கீதாரிகள் செம்மறி மந்தைகளோடு டெல்டாவுக்கு நடந்து வருவார்கள். வயலில் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். இந்த வாழ்க்கையை வைத்து சு. தமிழ்ச்செல்வி 'கீதாரி' என்றே ஒரு நாவல் எழுதியிருக்கிறார். இன்னும் படிக்கவில்லையா? படித்துவிடுங்கள்!

வேலியில் நிற்கும் தங்கங்கள்

கும்பகோணம் வெற்றிலை 2025-ல் புவிசார் குறியீடு வாங்கியது தெரியும். அந்த வெற்றிலைக்கொடி எதன் மேல் ஏறி நிற்கிறது? அகத்தி மரத்தின் மேல்! கொடிக்காலில் முதலில் அகத்தி விதைப்பார்கள். அது வளர்ந்து கொடிக்குத் தூணும் நிழலும் ஆகும். கழிக்கும் தழை ஆட்டுக்கு! வெற்றிலை மனிதன் வாய்க்கு, வெற்றிலையின் தூண் ஆட்டின் வாய்க்கு!

அமாவாசைக்குப் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்கிறோம். ஒரு கட்டு. வெள்ளாட்டுக்கோ கொடுத்தால் தினமும் அமாவாசைதான்!

"ஒதி பெருத்தாலும் உத்திரத்துக்கு ஆகாது." பழமொழி சரிதான், வீட்டுக்கு ஆகாது. ஆட்டுக்கு ஆகும்! ஒதிய மரத்தின் போத்தை வெட்டி வேலியில் நட்டால் அதுவே துளிர்த்து மரமாகிவிடும். இதற்குத் தாவரவியல் வைத்த பெயர் என்ன தெரியுமா? லானியா கோரமண்டலிகா. கோரமண்டல் எது? சோழமண்டலக் கரை. அதாவது பூம்புகார் நிற்கிற இதே கரை! உலகம் முழுக்க இந்த மரத்தை நம்ம ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்!

பூவரசின் விதை கடலில் மிதக்கும்! உப்புத் தண்ணீரில் மிதந்து போய் வேறு கரையில் ஒதுங்கி முளைக்கும். கப்பல் இல்லாமல் கடல் கடக்கும் மரம்! உப்புக் காற்றைப் பற்றிக் கவலையே படாது. இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதலாம், கொழுக்கட்டை வேகவைக்கலாம், மிச்சத்தை ஆட்டுக்குப் போடலாம். கடற்கரை ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்!

கல்யாணப் பந்தலில் நடும் கிளை முள்முருங்கை. அதனால்தான் அதற்குக் கல்யாண முருங்கை என்று பெயர். சளிக்கு அடை தட்ட நமக்கு இலை. மீதி ஆட்டுக்கு. இதே இனத்து மரத்தழையை ஆட்டுக்குத் தீவனமாகக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். எங்கே? பாதி உலகம் தாண்டி, மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிக்காவில்!

வாகை சூடினான் மன்னன் என்கிறோம். சூடியது வாகைப்பூ. அந்த வாகையின் இலையையும் பூவையும் உதிர்ந்து காய்ந்த பிறகும் பொறுக்கித் தின்னும் வீரர் நம் வெள்ளாடு! போரே இல்லாமல் வெற்றி!

வேப்பிலை? மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வெள்ளாடு கொழுந்து கொழுந்தாகத் தின்னும். கசப்பைத் தாங்குவதில் மாட்டைவிட ஆடு பலமடங்கு கெட்டி என்று 1970-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நம் பாட்டிகளுக்கு அது எப்போதோ தெரியும்!

நம் வேலிக்குள் ஒரு வெளிநாடு ஒளிந்திருக்கிறது, தெரியுமா? சூபாபுல், கிளைரிசிடியா, கொடுக்காப்புளி. மூன்றும் நம் ஆட்டுக்கு உயிர். மூன்றுக்கும் பூர்வீகம் மெக்சிகோ பக்கம்!

இதைக் கேளுங்கள். மெக்சிகோவில் ஓஹாகா என்று ஒரு மாநிலம். அந்தப் பெயரின் வேர் பழைய நாவாட்டில் மொழி. அர்த்தம் சூபாபுல் இன மரம் நிற்கும் இடம்! ஒரு மாநிலத்துக்கே ஆட்டுத்தழையின் பெயர்!

கிளைரிசிடியா என்ற பெயரின் அர்த்தம் எலிக்கொல்லி! லத்தீன். அதன் விதையையும் பட்டையையும் வைத்து மத்திய அமெரிக்காவில் எலி பிடித்தார்கள். எலியைக் கொன்ற மரத்தின் தழையைத்தான் வெள்ளாடு சப்புக்கொட்டித் தின்கிறது! அங்கேயே இதற்கு இன்னொரு பெயரும் உண்டு. 'கொக்கோவின் தாய்'. கொக்கோச் செடிக்கு நிழல் கொடுக்கிறதாம்.

ஒரு சூட்சுமம். கிளைரிசிடியாவின் பச்சை வாடை முதலில் ஆட்டுக்குப் பிடிக்காது. ஒடித்து ஒரு நாள் வாடவிடுங்கள். கொஞ்சம் உப்புத் தண்ணீர் தெளியுங்கள். பழகிய பிறகு, தழை வராவிட்டால் கத்தும்!

இலங்கையில் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப்பயிர் எது? 2005-ல் அறிவித்தார்கள். கிளைரிசிடியா! இலை ஆட்டுக்கும் வயலுக்கும், விறகு மின்சாரத்துக்கும்.

ஹவாய்த் தீவு ஆட்டின் அதிசயம்!

இதுதான் இந்த வாரத்தின் பெரிய மீன். மெதுவாகவே சொல்கிறேன்.

சூபாபுல் இலையில் மிமோசின் என்று ஒரு நஞ்சு இருக்கிறது. அதிகம் தின்றால் கால்நடைக்கு முடி கொட்டும். கழுத்தில் தைராய்டு வீங்கும். எடை இறங்கும். ஆஸ்திரேலியாவில் மாடுகள் இப்படித்தான் தவித்தன.

ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஹவாய்த் தீவுக்குப் போனார். அங்கே வெள்ளாடுகள் சூபாபுல்லை வயிறு முட்டத் தின்றுகொண்டிருந்தன. ஒரு முடி உதிரவில்லை!

எப்படி? ரகசியம் ஆட்டிடம் இல்லை. ஆட்டின் வயிற்றுக்குள் இருந்த ஒரு பாக்டீரியாவிடம்! அது அந்த நஞ்சையே தின்று வாழ்கிறது.

1980-களில் அந்த ஹவாய் ஆட்டு வயிற்றுப் பாக்டீரியாவைக் கொண்டுபோய் ஆஸ்திரேலிய மாட்டின் வயிற்றில் ஊற்றினார்கள். நஞ்சு நஞ்சாக இல்லாமல் போனது! ஒரு மாட்டுக்குக் கொடுத்தால் அது மந்தைக்கே பரவியது.

1992-ல் அந்தப் பாக்டீரியாவுக்குப் பெயர் வைத்தார்கள். சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியி. ஜோன்ஸின் பெயர் பாக்டீரியாவுக்குப் போனது. ஆட்டின் பெயர்தான் எதிலும் இல்லை! ஒரு வெள்ளாடு ஒரு கண்டத்தின் மாடுகளைக் காப்பாற்றியிருக்கிறது. என்னைக் கேட்டால் ஹவாயில் அதற்குச் சிலையே வைக்கலாம்!

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து விவசாயிகளுக்கு அந்தப் பாக்டீரியா திரவம் இன்றைக்கும் கிடைக்கிறது. நம் ஊருக்கான கணக்கு எளிது. சூபாபுல் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். மீதிக்கு வேறு தழை!

லத்தீனுக்குள் நம் கொல்லை

மொரிங்கா! உலகம் முழுக்க இன்று மாத்திரையாகவும் பொடியாகவும் விற்கிற பெயர். எங்கிருந்து போனது? நம் முருங்கையிலிருந்து! மிஷேல் அடான்சோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1763-ல் தாவரவியலில் ஏற்றிவிட்டார். அதே 1763-ல், அதே மனிதர் இன்னொரு பெயரையும் ஏற்றினார். அகாட்டி. அதுதான் நம் அகத்தி! ஆட்டுத்தழை இரண்டும் ஒரே ஆண்டில் லத்தீன் படித்தன!

அதற்கும் பத்து வருடம் முன்னால், 1753-ல், தாவரங்களுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸ் ஒரு செடிக்கு எழுதிய பெயர் 'ஜஸ்டிசியா ஆடாதோடா'. படித்துப் பாருங்கள். ஆடா தோடா. ஆடு தொடாத இலை! தமிழ், மலையாளக் கரையில் ஆடு மேய்த்தவர்கள் சொன்ன வாக்கியம் ஸ்வீடன் வரைக்கும் போய் அச்சில் ஏறிவிட்டது!

ஆடு தொடவில்லை, நாம் விடவில்லை! ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளைப் பார்த்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து உருவானது. இருமல் சிரப் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அந்தப் பெயர் கண்ணில் படலாம்!

இன்னொரு செடி, ஆடுதின்னாப்பாளை. பெயரிலேயே எச்சரிக்கைப் பலகை! இதன் குடும்பத்தில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்று ஒன்று உண்டு. சிறுநீரகத்தைக் கெடுக்கும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. சோதனைக்கூடம் சொல்வதற்குப் பல நூறு வருடம் முன்பே ஆடு சொல்லிவிட்டது. ஊர் அதைக் கேட்டுப் பெயராகவே வைத்துவிட்டது! இதை எழுதும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஆடு தின்னாத அந்தச் செடியை ஆசையாகத் தின்கிற ஒரு ஜீவன் உண்டு. சிவப்பு உடம்புக்காரியான ரோஜா அழகிப் பட்டாம்பூச்சியின் புழு! தின்ற நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். பறவைகள் பக்கத்தில் வராது!

சரி, இப்போது கொஞ்சம் பயப்படுங்கள். டெல்டா வாய்க்கால் கரையெல்லாம் ஊதா நிறப் பூவோடு ஒரு செடி மண்டிக் கிடக்கிறதே, நெய்வேலிக் காட்டாமணக்கு. அதைத் தொடர்ந்து தின்ற ஆடு தள்ளாடும், தலை ஆடும், விழும். அதைவிடக் கொடுமை, தின்னத் தின்ன அதற்கு அந்தச் செடிமேல் ஆசை கூடிவிடும்! வேறு பச்சை இல்லாத நாளில்தான் ஆடு அதில் முதலில் வாய் வைக்கும். வீட்டில் ஒரு கட்டு நல்ல தழை தொங்கினால் அதன் பக்கமே போகாது. அரளியோ இன்னும் மோசம், சில இலையே ஆட்டை முடித்துவிடும். பூ பறித்த கையோடு கழித்த கிளையை ஆட்டுக் கொட்டில் பக்கம் போடவே போடாதீர்கள்!

மரவள்ளித் தழையில் சயனைடு சமாச்சாரம் உண்டு. பச்சையாக வேண்டாம். வெயிலில் நன்றாகக் காய்ந்தால் பெரும்பகுதி பறந்துவிடும். அதன் பிறகு அதுவே புரதத் தீவனம்!

சீமைக்கருவேல் எங்கும் நிற்கிறது. பச்சை இலையை ஆடு சீண்டாது. நெற்றை மட்டும் தேடித் தேடித் தின்னும். நெற்று இனிப்பு! தின்ற ஆடு போகிற இடமெல்லாம் புழுக்கையோடு விதையும் விழும். மரம் எப்படி ஊர் முழுக்கப் பரவியது என்று இப்போது புரிகிறதா! நாட்டுக் கருவேல நெற்றும் வெள்வேல நெற்றும் கோடையில் பொறுக்கி வைக்க வேண்டிய சொத்து.

துவர்ப்பு செய்யும் வேலை

ஆட்டின் இரைப்பையில் ஒரு புழு. ஒரு நாளில் அது உறிஞ்சும் ரத்தம் 0.05 மில்லி. அற்பம்தானே? ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி! ஒரு பெண்புழு ஒரே நாளில் இடும் முட்டை 5,000 முதல் 10,000 வரை!

அந்த முட்டையில் வரும் குஞ்சுப்புழு எங்கே காத்திருக்கும்? ஈரப் புல்லின் அடியில், தரையிலிருந்து சில அங்குல உயரத்துக்குள்! தலைக்கு மேலே தொங்கும் தழையில் அது ஏறவே முடியாது. மழைக்காலத்தில் வரப்புப் புல்லைத் தின்ற ஆடு சோர்கிறது, ஒடித்துப் போட்ட தழையைத் தின்ற ஆடு துள்ளுகிறது. காரணம் இதுதான்!

போதாததற்கு, வேல மரத்தழைகளின் துவர்ப்பு இருக்கிறதே, டானின், அது புழுவின் முட்டை எண்ணிக்கையைக் குறைக்கிறது. தீவனமே மருந்து! ஆனால் துவர்ப்பு மிஞ்சினால் செரிமானம் படுத்துவிடும். மூன்று நான்கு வகைத் தழையைக் கலந்து போடுங்கள். ஆடே அப்படித்தான் மேயும். ஒரு மரத்தில் பத்து வாய், அடுத்த மரத்துக்கு ஓட்டம்!

ஊர் ஊராய்

மொராக்கோவில் வெள்ளாடு மரத்தின் உச்சியிலேயே ஏறி நிற்கும்! ஆர்கன் மரம். பழம் தின்றுவிட்டு, அசைபோடும்போது கொட்டையைத் துப்பும். புழுக்கை வழியாகத்தான் விதை பரவுகிறது என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. இல்லை, துப்புகிறது என்று 2017-ல் ஸ்பெயின் விஞ்ஞானிகள் சொன்னார்கள்!

சுவிட்சர்லாந்தின் ஏரிக்கரைக் கிராமங்களில் தோண்டியபோது பழைய ஆட்டுப் புழுக்கை கெடாமல் கிடைத்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே மரச் சுள்ளித் துணுக்குகள்! வயது சுமார் 6,000 ஆண்டு! குளிர்காலத்துக்குத் தழை ஒடித்துப் போட்டு ஆடு வளர்த்திருக்கிறார்கள். தொரட்டி அங்கேயும் இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

குஜராத்தில் அலையாத்தி இலைக்காக ஒட்டகம் கடலில் நீந்தும்! காராய் ஒட்டகம். நம் முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் அதே கண்டல் மரம் நிற்கிறது. வெண்கண்டல் இலை தன் உப்பைத் தானே வெளியே கக்கும். இலைமேல் உப்புப் பொரிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உப்புப் போட்டே பரிமாறும் தழை!

பூம்புகாருக்கு அடுத்த வீடு சாயாவனம். அந்தப் பெயரில் சா. கந்தசாமி எழுதிய நாவல் 1969-ல் வந்தது. ஒருவன் ஒரு காட்டையே வெட்டி எரிக்கிறான். ஆலை கட்டுவதற்காக! எத்தனை ஆட்டுக்கான தழை என்று நான் அந்தப் பக்கங்களில் எண்ணிக்கொண்டே போனேன்.

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1922. ஏடிடீ என்று தொடங்கும் நெல் ரகமெல்லாம் அங்கே பிறந்தவை. பெயரில் ஆடு, விளைவது நெல்!

இந்தியாவின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் எது? தமிழ்நாட்டில்தான், 1989-ல்! அதன் கல்லூரி ஒன்று டெல்டாவுக்குள்ளேயே, தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் இருக்கிறது. தழையில் சந்தேகம் வந்தால் பஸ் ஏறிப் போய்விடலாம்!

எவ்வளவு போடுவது?

20 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு ஒரு நாளைக்குக் காய்ந்த கணக்கில் வேண்டிய தீவனம் வெறும் 600 முதல் 800 கிராம். அட, இவ்வளவுதானா? அவசரப்படாதீர்கள். பச்சைத் தழையில் முக்கால்வாசி தண்ணீர்! அதனால் தழையாகவே போட்டால் 3 கிலோ.

முழுக்கத் தழையே போட வேண்டியதில்லை. மேய்ச்சலோ வைக்கோலோ தவிடோ இருக்கட்டும். மேலே ஒரு கிலோ அகத்தி. அந்த ஒரு கிலோவுக்குள் காய்ந்த பொருள் கால் கிலோ, அதில் புரதம் 60 கிராம் வரை! அதே 60 கிராம் புரதத்தை வைக்கோலில் எடுக்க வேண்டுமென்றால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். 20 கிலோ ஆட்டின் வயிற்றில் அதற்கு இடமே இல்லை!

இப்போது இந்த வாரக் கணக்கு. இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், சொல்லிவிடுகிறேன்!

மீட்டருக்கு ஒரு மரம் வீதம் நட்டுப் பாய்ச்சல் கொடுத்தால், ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 100 டன் அகத்தித் தழை என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. அதைச் சென்ட்டுக்கு மாற்றினேன். ஒரு சென்ட்டில் 40 மரம். வருடத்துக்குக் கிடைப்பது 400 கிலோ!

நாளுக்கு ஒரு கிலோ என்றால் ஓர் ஆட்டுக்கு வருடத்துக்கு 365 கிலோ. அதாவது ஓர் ஆட்டுக்கு ஒரு சென்ட்! நாலு ஆடு வைத்திருக்கிறீர்களா? நாலு சென்ட். அவ்வளவு இடம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலேயே கிடக்கும். இல்லையென்றால் வரப்பு மேட்டிலும் வாய்க்கால் கரையிலும் வரிசையாக விதையுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் வேண்டாம்!

முதல் அறுவடைக்கு எட்டு மாதம். அப்புறம் இரண்டு இரண்டரை மாதத்துக்கு ஒரு வெட்டு. ஆடிப்பட்டத்தில் விதை போட்டால் முதல் தழை எப்போது கைக்கு வரும்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். புல்லெல்லாம் காய்ந்து கருகும் பங்குனியில்!